வெளிநாட்டு மாணவரின் முதல் 14 நாட்கள்

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். வளாகத்தைப் பன்னாட்டுத் தரத்துக்கு உயர்த்துவது பற்றிய கூட்டங்களில் கலைவிழாவும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களும்தான் முதலில் பேசப்படுகின்றன. ஆனால் ஒரு மாணவர் இங்கே மன நிம்மதியோடு படிப்பாரா என்பது, அவர் விமான நிலையத்தில் வந்திறங்கிய முதல் இரண்டு வாரங்களில் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது என்பதே நான் கண்டது.

இந்தக் கணக்குக்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இணையவழியே செய்துவிடலாம், ஆனால் அதற்குப் பொனஃபைடு சான்றிதழும் (இவர் எங்கள் மாணவர் என்று பல்கலைக்கழகம் தரும் சான்று) தங்குமிடச் சான்றும் தேவை. தங்குமிடம் தருபவருக்கும் ஒரு கடமை உண்டு: விடுதியாயினும் வாடகை வீடாயினும், வெளிநாட்டவர் வந்து தங்கியதை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். ‘சி படிவம்’ என்று நாங்கள் சொல்லிப் பழகிய இந்தக் கடமையைப் பல வீட்டு உரிமையாளர்கள் அறிவதே இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்துள்ள குடிவரவு மற்றும் அயல்நாட்டவர் சட்டமும் தங்குமிடம் தருபவர்மீதும் கல்வி நிறுவனங்கள்மீதும் இப்பொறுப்பை வைத்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தான்சானியாவிலிருந்து ஒரு மாணவர் வெள்ளிக்கிழமை இரவு வந்து சேர்ந்தார். சனியும் ஞாயிறும் அலுவலகம் இல்லை. திங்களன்று, கட்டணம் கட்டினால்தான் அறை என்றது விடுதி. பணம் கட்டுவதற்கு வங்கிக் கணக்கு வேண்டும். முகவரிச் சான்று இல்லாமல் கணக்குத் தொடங்க முடியாது என்றது வங்கி. முகவரிச் சான்றோ அறை கிடைத்த பிறகு விடுதி தர வேண்டியது. இதற்கிடையே பல்கலைக்கழகப் பதிவாளர் வெளியூர் சென்றிருந்ததால் பொனஃபைடு சான்றிதழில் கையெழுத்தாகவில்லை. 14 நாட்கள் கடந்துவிட்டன. என் மேசைக்கு முன் வந்து நின்ற அவர், “நான் என்ன தவறு செய்தேன்?” என்று மட்டும் கேட்டார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு முழுவதும் எங்களுடையது. அந்தக் கேள்வியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு முறையை மாற்றினோம். பயணச்சீட்டு உறுதியானவுடன் பாஸ்போர்ட், விசா நகல்களை வாங்கி, அறையை ஒதுக்கி, பொனஃபைடு சான்றிதழையும் விடுதிக் கடிதத்தையும் முன்கூட்டியே தயார் செய்து, அறைச் சாவியோடு சேர்த்துக் கையில் கொடுக்கிறோம். வங்கிக்கும் நேரில் சென்று பேசினோம். பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டே வெளிநாட்டு மாணவருக்குக் கணக்குத் தொடங்கலாம், உள்ளூர் முகவரிச் சான்றை 30 நாட்களுக்குள் தந்தால் போதும் என்று ரிசர்வ் வங்கியின் விதிமுறையே இடமளிக்கிறது. கிளையில் ஒருவருக்காவது இது தெரிந்திருந்தால் ஒரு மாணவரின் பத்து நாள் அலைச்சல் மிச்சமாகும்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தியோப்பியாவில் குடும்பப் பெயர் என்பது வழக்கத்தில் இல்லை. தன் பெயர், அடுத்துத் தந்தையின் பெயர், அதற்கடுத்துப் பாட்டனாரின் பெயர் என்று எழுதுவார்கள். தந்தை பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ என்ற கட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்ற அனுபவம் உள்ள நமக்கு இது எளிதில் புரிய வேண்டும். அப்படியிருந்தும், வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயர் மட்டும் அச்சானதால், எங்கள் வளாகத்தில் ஒரு மாணவியை ஒரு பருவம் முழுவதும் அவருடைய பாட்டனாரின் பெயரால் அழைத்திருக்கிறோம். ஆசிரியரைத் திருத்துவது மரியாதையாகாது என்று எண்ணி அவரும் அந்தப் பெயருக்கே எழுந்து நின்றிருக்கிறார். இப்போது சேர்க்கைப் படிவத்தில், “உங்களை எப்படி அழைக்க வேண்டும்?” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் நம் நாட்டில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். அவர்களில் நூற்றுக்கு 28 பேர் நேபாளத்தவர். இத்தனை பெரிய நாட்டுக்கு இது மிகச் சிறிய எண்ணிக்கை. இதைப் பெருக்குவதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளிநாட்டு மாணவர்களுக்கு 25 விழுக்காடு வரை கூடுதல் இடங்களை அனுமதித்தது. இடங்களை ஒரே ஆணையில் கூட்டிவிடலாம். வகுப்பறையின் பழக்கத்தை அப்படி மாற்ற முடியாது. விளக்கம் கடினமாகும்போது ஆசிரியர் தன்னையறியாமல் தமிழுக்கு மாறிவிடுகிறார், வகுப்பு சிரிக்கிறது, காபூலிலிருந்து வந்தவரும் இம்பாலிலிருந்து வந்தவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தமிழில் சொல்வதைத் தடுக்க நான் விரும்பவில்லை, பல மாணவர்களுக்கு அது தேவை; ஆனால் சொன்னதை ஆங்கிலத்தில் ஒருமுறை திரும்பச் சொல்ல அரை நிமிடம் போதும். முதல் மாதத்தில் இவர்களுக்குத் தமிழ் வகுப்பு நடத்துபவர்கள் எழுத்திலிருந்து தொடங்காமல், “எவ்வளவு?”, “இங்க நிறுத்துங்க”, “காரம் வேண்டாம்” ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் நல்லது.

நிறத்தைப் பற்றிய பேச்சைப் பெரும்பாலான நிறுவனங்கள் தவிர்க்கின்றன. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்டபோது, எங்கள் மாணவர்களுக்கு ஊரிலிருந்து இடைவிடாமல் அழைப்புகள் வந்தன. இங்கே அப்படி நடக்கவில்லை என்று சொல்லி அமைதி கொள்ள முடியாது. கேட்காமல் படம் எடுப்பதும், தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பதும், எந்த நாடு என்று கேட்டவுடன் வீட்டுத் தரகர் தொலைபேசியை வைத்துவிடுவதும் அவர்கள் வாரந்தோறும் சொல்பவை. அறிமுக வகுப்பை வெளிநாட்டு மாணவருக்கு மட்டும் நடத்திப் பயனில்லை; காவலாளிகள், மெஸ் ஊழியர்கள், உள்ளூர் மாணவர்கள் ஆகியோரும் அதில் அமர வேண்டும்.

பொங்கல் விடுமுறையில் விடுதி காலியாகும், மெஸ் மூடப்படும். ஊருக்குப் போக முடியாதவர்கள் ஒரு வாரம் பிஸ்கட்டும் பிரெட்டும் தின்று கழித்ததை ஒரு தை மாதத்தில் தற்செயலாக அறிந்தேன். அடுத்த ஆண்டு முதல் ஒரு சமையற்கூடத்தைத் திறந்து, அரிசி, மளிகை, காஸ் அடுப்பு ஆகியவற்றை மட்டும் வைத்து, சாவியை மாணவர்களிடமே கொடுத்துவிட்டோம். முதல் நாள் சூடானிய மாணவர்கள் சமைத்தார்கள், மறுநாள் நேபாளத்தவர்கள். மூன்றாம் நாள் விடுதிக் காப்பாளர் தன் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் நிறையச் சர்க்கரைப் பொங்கல் எடுத்து வந்தார்.