மூன்றாவது ஆளின் ஓட்டு எங்கே போகும்?

2024 ஜூன் 4 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில் ஓட்டு எண்ணி முடித்தபோது மார்க்சிஸ்ட் கட்சியின் சு. வெங்கடேசனுக்கு சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம் ஓட்டு. இரண்டாவதாக வந்த பாஜகவின் இராம சீனிவாசனுக்கு 2 லட்சத்து 21 ஆயிரம் அளவில். மூன்றாவது அதிமுகவின் சரவணன், சுமார் 2 லட்சத்து 5 ஆயிரம். அன்றைக்குச் சாயங்காலமே ஊரில் பலர் போனில் கால்குலேட்டரைத் திறந்துவிட்டார்கள். "ரெண்டு பேரும் சேந்து நின்னிருந்தா?" கூட்டினால் சுமார் 4 லட்சத்து 26 ஆயிரம் வருகிறது. அப்போதும் சில ஆயிரம் ஓட்டு குறைகிறது, ஜெயித்தவர் மாறவில்லை.

அதே கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு தெற்கே திருப்பரங்குன்றம் போனால் கதை வேறு. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் மதுரை மாவட்டம்தான், ஆனால் மக்களவைக்கு விருதுநகர் தொகுதியில் வருகின்றன. அங்கே காங்கிரஸின் மாணிக்கம் தாகூர், அதிமுக அணியில் நின்ற தேமுதிகவின் விஜய பிரபாகரனை 4,379 ஓட்டில் வென்றார். மூன்றாவதாக வந்த பாஜகவின் ராதிகாவுக்கு 1 லட்சத்து 66 ஆயிரம். அந்த ஓட்டில் நூற்றுக்கு மூன்று பேர் இரண்டாமவர் பக்கம் சாய்ந்திருந்தால் முடிவே மாறியிருக்கும்.

எதிர்க்கட்சிகள் உட்கார்ந்து கூட்டணி பேசும்போது, மேஜைமேல் சொல்வது கொள்கை, மேஜைக்கடியில் ஓடுவது இந்தக் கணக்கு. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் உள்ள இடைவெளியை மூன்றாமவர் வாங்கிய ஓட்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். விருதுநகரில் 2.6 சதவீதம் வருகிறது. மதுரையில் 102 சதவீதம், அதாவது மூன்றாமவரின் அத்தனை ஓட்டும் ஒன்று விடாமல் வந்தாலும் பத்தாது. வைகைக் கரையிலிருந்து பார்த்தால் பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள், ஒன்றில் கூட்டணிக்கு உயிர்மதிப்பு, இன்னொன்றில் பூஜ்ஜியம்.

இந்த வகுத்தலில் ஒரு ஓட்டை இருக்கிறது. கட்சி சொன்னால் ஓட்டு நகரும் என்று அது நம்புகிறது. நகருமா?

ராத்திரி பத்து மணிக்கு வேலை முடித்த ஒன்பது பேர் சாப்பிடக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்குப் பரோட்டா, மூன்று பேருக்குக் கறிதோசை, இரண்டு பேருக்கு இட்லி. கை தூக்கினால் பரோட்டா ஜெயிக்கும். ஆனால் ஐந்து பேர் பரோட்டா வேண்டாம் என்றவர்கள். நம் தேர்தல் விதி இதுதான். பாதிக்கு மேல் வாங்க வேண்டியதில்லை, அடுத்த ஆளைவிட ஒன்று கூட வாங்கினால் போதும். சரி, கறிதோசைத் தலைவர் இட்லித் தலைவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னைக்கு எங்களுக்கு விட்டுக்குடுங்கண்ணே, அடுத்த வாரம் இட்லி" என்கிறார். ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்றும் இரண்டும் ஐந்து, ஜெயம். ஆனால் இட்லிக்காரர் இருவரில் ஒருவர் சைவம். கறிதோசைக் கடையில் அவருக்கு என்ன வேலை? அவர் வீட்டுக்குப் போய்விட்டால் நாலுக்கு நாலு. கோபத்தில் "இதுக்குப் பரோட்டாவும் சால்னாவுமே மேல், நான் வெறும் பரோட்டாவைச் சீனி தொட்டுத் தின்னுக்கிறேன்" என்று அந்தப் பக்கம் போனால் ஐந்துக்கு நாலு, பரோட்டா.

கட்சிக்காரர்கள் இதை 'ஓட்டு ட்ரான்ஸ்பர்' என்கிறார்கள். வீட்டில் தங்கிவிடும் ஓட்டு ஒரு மடங்கு நஷ்டம், எதிர்ப்பக்கம் போகும் ஓட்டு இரண்டு மடங்கு நஷ்டம். வந்த சதவீதத்திலிருந்து எதிரிக்குப் போன சதவீதத்தைக் கழித்த பிறகுதான் மேலே சொன்ன 2.6, 102 போன்ற எண்களோடு ஒப்பிட வேண்டும். டிவி விவாதங்களில் சதவீதங்களைக் கூட்டிக் காட்டுகிறவர்கள் இந்தக் கழித்தலை மட்டும் மறந்துவிடுவார்கள்.

கழித்தல் கூட்டலை விழுங்கிய வருஷம் 1980. ஜனவரி மக்களவைத் தேர்தலில் திமுகவும் இந்திரா காங்கிரஸும் சேர்ந்து தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ அள்ளின. அதிமுகவுக்குக் கிடைத்தவை கோபிச்செட்டிப்பாளையமும் சிவகாசியும்தான். பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல். அதே கூட்டணி, தொகுதிகளை ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு நின்றது. முதலமைச்சர் யார் என்பதில் இரு தரப்புக்கும் இழுபறி. அதிமுக மட்டும் 129 இடம் பிடித்தது. எம்.ஜி.ஆர். ஜெயித்த தொகுதி நம்ம மதுரை மேற்கு. ஐந்து மாதத்துக்குள் அதே கூட்டல் வேறு விடை கொடுத்தது. வாக்காளர் கணக்கில் வரும் எண் அல்ல, அவர் கணக்குப் பார்க்கிறவர்.

கூட்டல் நூற்றுக்கு நூறு பலித்ததும் உண்டு. 1967 சட்டமன்றத் தேர்தலில் அண்ணாவின் திமுக, ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்டுகள், முஸ்லிம் லீக் எல்லாம் ஒரே பந்தலில். தனியார் தொழிலே தெய்வம் என்றவர்களும் தனியுடைமையே கூடாது என்றவர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும். காங்கிரஸ் 41.1 சதவீதம் வாங்கி 51 இடத்தில் நின்றுவிட்டது. திமுக 40.7 சதவீதத்தில் 137 இடம். குறைந்த ஓட்டுக்கு இரண்டரை மடங்கு இடம் எப்படி? காங்கிரஸ் தன் ஓட்டை 232 தொகுதிகளில் பரப்பியது, திமுக 174இல் மட்டும் குவித்தது. மிச்சத்தைத் தோழர்களுக்கு விட்டது. தண்ணீர் அதே அளவுதான். நூறு வயலுக்குப் பாய்ச்சினால் எல்லாமே காயும், எழுபதுக்குப் பாய்ச்சினால் எழுபதும் விளையும். மேலூர்ப் பக்கத்துக் கடைமடை விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பரவிய ஓட்டு எவ்வளவு கொடுமை என்பதற்கு 2014 மக்களவைத் தேர்தல். திமுகவுக்குத் தமிழ்நாட்டில் சுமார் 24 சதவீதம். நாலு பேரில் ஒருவர் போட்ட ஓட்டு. இடம்? ஒன்றுகூட இல்லை. அதிமுக சுமார் 44 சதவீதத்தில் 37. பத்து வருஷம் கழித்துச் சக்கரம் சுற்றி, திமுக அணி சுமார் 47 சதவீதத்தில் 39க்கு 39. இரண்டு தடவையும் சதவீதம் பாதியைத் தாண்டவில்லை.

இப்படி ஒருவருக்கே கொட்டிக்கொடுக்கும் விதி கட்சிகளை இரண்டு அணியாக நெருக்கும் என்று பிரான்ஸைச் சேர்ந்த மோரிஸ் துவெர்ழே 1951இல் எழுதினார். அவர் இரண்டு விசைகளைப் பிரித்தார். ஒன்று இயந்திரம்போல வேலை செய்வது, மூன்றாவது கட்சியின் ஓட்டு இடமாக மாறாமல் ஆவியாவது. இன்னொன்று மனசில் வேலை செய்வது, அதைப் பார்த்த வாக்காளர் அடுத்த முறை "ஜெயிக்காதவனுக்குப் போட்டு ஓட்டை வீணாக்குவானேன்" என்று பெரிய கட்சிக்கு நகர்வது. 2016இல் மக்கள் நலக் கூட்டணியில் நான்கு கட்சிகள், பிறகு தேமுதிகவும் தமாகாவும். 234இல் ஓரிடமும் இல்லை. அந்த அணியில் இருந்த மார்க்சிஸ்ட், சிபிஐ, விசிக, மதிமுக நாலும் 2019இல் திமுக கூட்டணியில் நின்றன. அவற்றைச் சந்தர்ப்பவாதம் என்று திட்டுகிறவர்கள் முதலில் எண்ணும் விதியைத் திட்டட்டும் என்பது என் வாதம்.

என் பார்வையில் கூட்டணி என்பதே ஒரு வகை விருப்பவரிசை ஓட்டு. 'இது கிடைக்காவிட்டால் அது' என்ற இரண்டாம் விருப்பம் அதில் இருக்கிறது. ஆனால் அதை எழுதுகிறவர் வாக்காளர் அல்ல, தேர்தலுக்கு முந்தின மாதம் ஓர் அறைக்குள் உட்கார்ந்து தலைவர் எழுதுகிறார்.

அதை வாக்காளரே எழுதினால் என்ன ஆகும்? 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் பார்த்தோம். அதில் வாக்காளர்கள் எம்பிக்களும் எம்எல்ஏக்களும், ஒவ்வொருவர் ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு, கீழே வருபவை அந்த மதிப்பின் கூட்டல். 1, 2, 3 என்று வரிசை எழுதும் முறை. முதல் எண்ணிக்கையில் வி.வி. கிரிக்கு 4,01,515, சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. யாருக்கும் பாதி இல்லை. கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்கி, அவர் சீட்டில் அடுத்த எண் யாருக்கோ அவருக்கு மாற்றினார்கள். தேஷ்முக்கின் ஓட்டுகள் பெரும்பாலும் ரெட்டிக்கே போயின. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. எண்பத்தெட்டாயிரமாக இருந்த இடைவெளி பதினைந்தாயிரத்துக்குள் சுருங்கியது. 'ஓட்டு ட்ரான்ஸ்பர்' இங்கே யூகம் இல்லை, சீட்டிலேயே மையால் எழுதியிருந்தது.

இலங்கையிலும் அதிபர் தேர்தலில் மூன்று விருப்பம் வரை எழுதலாம். 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்கவுக்கு முதல் சுற்றில் சுமார் 42 சதவீதம்தான், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களை எண்ண வேண்டி வந்தது. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலானோர் இரண்டாம் விருப்பத்தை எழுதவே இல்லை. உரிமை கொடுத்தாலும் பழக்கம் வரத் தலைமுறை ஆகிறது.

இந்த முறைகளிலும் குறை உண்டு. ஒருவருக்குப் பரோட்டா, கறிதோசை, இட்லி என்ற வரிசை. அடுத்தவருக்குக் கறிதோசை, இட்லி, பரோட்டா. மூன்றாமவருக்கு இட்லி, பரோட்டா, கறிதோசை. இப்போது எந்த இரண்டை எடுத்து மோதவிட்டாலும் ஒன்று 2க்கு 1 ஜெயிக்கும், ஜெயித்ததை மூன்றாவது தோற்கடிக்கும். வட்டம் முடியாது. கோந்தொர்சே 1785இல் கண்ட சிக்கல் இது. நியாயமான சில நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்றும் விருப்பவரிசை முறை எதுவுமே இருக்க முடியாது என்று கென்னத் ஆரோ 1951இல் கணிதமாக நிறுவினார்.

சரி, விதியை மாற்றுவது யார்? தோற்றவர்கள் மாற்றச் சொல்வார்கள், ஜெயித்ததும் மறந்துவிடுவார்கள். பிரிட்டனில் லிபரல் கட்சி 1903இல் தொழிற்கட்சியின் முன்னோடிகளோடு ரகசியமாகத் தொகுதி உடன்பாடு செய்துகொண்டது. 1906இல் அதன் பலனாக அந்தச் சின்ன அணிக்கு 29 இடம். லிபரல்கள் பெருவெற்றி பெற்றார்கள், ஓட்டு முறையை மாற்ற அவசரம் காட்டவில்லை. இருபது ஆண்டுக்குள் தொழிற்கட்சி அவர்களைத் தாண்டிப்போய்விட்டது. மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்ட பிறகு சீர்திருத்தம் அவர்களின் நிரந்தர முழக்கமானது. 2011இல் விருப்பவரிசை முறைக்குப் பொதுவாக்கெடுப்பு கிடைத்தபோது வாக்களித்த மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 'வேண்டாம்' என்றார்கள்.

மாற்றிக் காட்டியது நியூசிலாந்து. 1978, 1981 இரண்டு தேர்தலிலும் எதிர்க்கட்சியான தொழிற்கட்சி அதிக ஓட்டு வாங்கியும் தோற்றது. இரண்டு தடவை அடிபட்டவருக்குத்தான் வலி தெரியும். ஆட்சிக்கு வந்ததும் ஆணையம் அமைத்தார்கள். 1993இல் மக்கள் மாற்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள், 1996 முதல் ஆளுக்கு இரண்டு ஓட்டு. ஒன்று உள்ளூர் வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. கட்சி ஓட்டின் விகிதத்துக்கு ஏற்பப் பட்டியலிலிருந்து ஆட்களைச் சேர்த்து இடங்களைச் சரிக்கட்டுவார்கள். இந்தியச் சட்ட ஆணையமும் 1999இல் மக்களவையில் கால் பங்கு இடம் கூட்டி அதைப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்று பரிந்துரைத்தது. கோப்பு அங்கேயே நிற்கிறது. எனக்கு அந்தப் பட்டியல்மேல் ஒரு பயமும் உண்டு. யார் பெயர் மேலே என்பதைத் தீர்மானிப்பது திரும்பவும் அதே அறை, அதே தலைவர்.

'விகிதாசாரமெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவராது' என்பவர்கள் மாநிலங்களவையைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒரு சுற்றில் 6 இடம் காலியாகும். 234ஐ 7ஆல் வகுத்தால் 33.4. ஆக, 34 எம்எல்ஏக்கள் சேர்ந்தால் ஓர் இடம் உறுதி. போட்டி வந்தால் எம்எல்ஏக்கள் தேர்தல் ஆணையம் தரும் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் 1, 2, 3 என்று எழுதுவார்கள். நமக்கு ஒரே பொத்தான், நாம் அனுப்பியவர்களுக்கு விருப்பவரிசை. 2025இல் அந்தப் பேனாவுக்கும் வேலை வரவில்லை, 34ஆல் வகுக்க எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஆறு பேரும் போட்டியின்றி வந்தார்கள். அந்த ஆறில் ஓரிடம் மக்கள் நீதி மய்யத்துக்கு. 2024 மக்களவைத் தேர்தலில் ஒரு தொகுதியிலும் நிற்காமல் திமுக அணிக்குப் பிரசாரம் செய்ததற்கு அப்போதே எழுதிக்கொடுத்த கடன் அது.