பழைய போர்வெல்லுக்கும் ஒரு நோட்டு வையுங்கள்

கடலூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி. பெயர் வேண்டாம், இன்னும் அங்கே போய்வந்துகொண்டிருக்கிறேன். இரண்டு கோடைக்கு முன் அங்கிருந்து போன் வந்தது. "சார், மூணாம் நம்பர் போர் வத்திப்போச்சு. பக்கத்துலயே புதுசு போடணும், பாயிண்ட் பாத்துக் குடுங்க." என் தொழில் நிலத்தடி நீர். பாயிண்ட், அதாவது போர் போட இடம், பார்க்கத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பழையது ஏன் படுத்தது என்று பார்க்கச் சொல்லி இந்த இருபது வருடத்தில் கூப்பிட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால் போனேன். போர் வாயில் மூடி கிடையாது. ஒரு சாக்கைச் சுருட்டித் திணித்து, அதன் வழியே கேபிளை வெளியே எடுத்திருந்தார்கள். சாக்கை உருவிவிட்டு டேப்பை இறக்கினால் 13 மீட்டரில் தண்ணீர். வற்றிப்போன போரில் 13 மீட்டரிலேயே தண்ணீர் நிற்குமா? அலுவலக அலமாரியில் கிடந்த பழைய ஃபைலைத் தேடி எடுத்தோம். போர் போட்ட வருடம் நின்ற மட்டம், அதாவது மோட்டார் ஓடாதபோது தண்ணீர் நிற்கிற ஆழம், 12 மீட்டர். அத்தனை வருடத்தில் இறங்கியது ஒரே ஒரு மீட்டர்.

அப்புறம் மோட்டாரைப் போட்டு நான்கு மணி நேரம் ஓடவிட்டோம். மட்டம் 31 மீட்டருக்குப் போய் நின்றது. வந்த தண்ணீர் நிமிடத்துக்கு 450 லிட்டர். பழைய ஃபைலிலோ 18 மீட்டர் மட்டத்தில் 600 லிட்டர் என்று இருந்தது. கணக்கு எளிது. அன்று 6 மீட்டர் இறங்கி 600 லிட்டர், அதாவது மீட்டருக்கு 100. இன்று 18 மீட்டர் இறங்கி 450, மீட்டருக்கு 25. நின்ற மட்டம் அப்படியே இருக்க, இந்த எண் நாலில் ஒரு பங்காகிவிட்டது. மண்ணுக்குள் தண்ணீர் இருக்கிறது, குழாய்க்குள் வர வழிதான் அடைத்திருக்கிறது என்று இதற்கு அர்த்தம். வீட்டில் காபி ஃபில்டர் அடைத்துக்கொண்டால் மேல் பாத்திரத்தில் வெந்நீர் தளும்பிக்கொண்டிருக்கும், கீழே டிகாக்‌ஷன் இறங்காது. அதே கதை. நம் ஊரில் போர் போடுகிறவர்களும், மண்ணிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிற ஓட்டைக் குழாயை ஃபில்டர் என்றுதானே சொல்கிறார்கள்.

பம்பை வெளியே எடுத்ததும் கூட நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பம்பின் மேல் விரற்கடை கனத்துக்கு செங்காவி நிறத்தில் வழவழவென்று ஒரு படலம். விரலால் வழித்தால் கெட்டியான கூழ் மாதிரி வரும். அதற்கு அடியில் கறுப்பாக, கெட்டியாக, சுத்தியலால் தட்டினால்தான் உதிர்கிற பொருக்கு.

இது எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலூரை ஒட்டிய கேப்பர் மலையில் செக்கச்செவேல் என்று தெரிகிற மண்ணும் பாறையும் பூமிக்கடியில் நெய்வேலி வரைக்கும், அதற்கு அப்பாலும் போகிறது. புவியியலாளர்கள் அதற்கு வைத்த பெயரே கடலூர் மணற்கல். அந்தச் சிவப்பு இரும்பின் நிறம். ஆழத்தில் காற்றுப்படாமல் இருக்கும்வரை இரும்பு தண்ணீரில் கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பிடிக்கும்போது பளிங்கு மாதிரி வருகிற தண்ணீர் மறுநாள் காலையில் குடத்தின் அடியில் மஞ்சளாகப் படிவதும், அதில் போட்ட டீ கறுத்துப்போவதும் இதனால்தான். குடத்தில் நடப்பதே போருக்குள்ளும் நடக்கிறது. பம்பு ஓடும்போது மட்டம் ஃபில்டரின் மேல் முனைக்குக் கீழே இறங்கினால் மேல் ஓட்டைகள் வழியே தண்ணீர் அருவி மாதிரி கொட்டும், கூடவே காற்றும் கலக்கும். இரும்பைத் தின்று வாழ்கிற நுண்ணுயிர்களுக்கு அதுதான் விருந்து. ஃபில்டர் ஓட்டையிலும், சுற்றிப் போட்ட கூழாங்கல்லிலும் அந்தச் செங்கூழை அப்பிவிடும்.

இந்த நேரத்தில் ஊர் என்ன செய்யும் தெரியுமா? 10 எச்பி மோட்டாரைக் கழற்றிவிட்டு 15 எச்பி போடும். மூணாம் நம்பரிலும் அதுதான் நடந்திருந்தது. பெரிய மோட்டார் மட்டத்தை இன்னும் கீழே இழுக்கும், அடைத்ததுபோக மிஞ்சிய நாலு ஓட்டை வழியாகத் தண்ணீர் இன்னும் வேகமாகப் பாயும். ஃபில்டருக்குள் தண்ணீர் நுழைகிற வேகம் விநாடிக்கு 3 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. தாண்டினால் படிவது வேகமாகும், மணலும் ஏறும், மணல் பம்பில் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரைத் தின்றுவிடும். முதல் மாதம் தண்ணீர் கூடியதுபோல் தெரியும். ஆறாம் மாதம் எனக்கு போன் வரும்.

சரி, சுத்தம் செய்வது எப்படி? முதலில் கேமரா. உள்ளே கேமராவை விட்டுப் பார்க்காமல் கம்ப்ரஸரைப் போடவே கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பழைய இரும்பு ஃபில்டர் துருப்பிடித்துக் காகிதமாக இருந்தால், காற்றடித்த வேகத்தில் கிழிந்து போர் முழுக்க மணல் சரிந்துவிடும். குழாய் நன்றாக இருந்தால் பிரஷ் விட்டுத் தேய்க்கலாம், பிவிசி என்றால் நைலான் பிரஷ். பிறகு கம்ப்ரஸரை விட்டு விட்டு ஓட்டி, தண்ணீரை முன்னும் பின்னும் அலைய விட வேண்டும். ஒரே திசையில் மணிக்கணக்காக ஊதுவதால் அவ்வளவு பயன் இல்லை.

கெட்டிப் பொருக்குக்கு ஆசிட் தேவைப்படும். இதைப் படித்துவிட்டு யாரும் தானாகச் செய்துவிடாதீர்கள். ஆசிட் சுண்ணாம்புப் படிவத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். பள்ளத்துக்குள் இருக்கிற வால்வு ரூமில் அது தேங்கினால் இறங்கினவர் மூச்சடைத்து விழுவார், தூக்கப்போனவரும் விழுவார். அடுத்ததாக பிளீச்சிங் பவுடர். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சந்தித்தால் குளோரின் வாயு வரும், அது உயிரை எடுத்துவிடும். ஆசிட்டை முழுக்க வெளியேற்றி, பிஎச் பழைய நிலைக்கு வந்த பிறகுதான் பிளீச்சிங். அதையும் தனியாகக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். மூட்டையை அப்படியே கவிழ்த்தால் அதிலிருக்கிற சுண்ணாம்பு ஃபில்டரை மறுபடி அடைக்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு. எட்டு அங்குலப் போரில் 100 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 3,240 லிட்டர். லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் வேண்டுமானால், 30 சதவீத பவுடரில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கூழாங்கல் அடுக்குக்குள்ளும் போய்ச் சேர வேண்டும் என்பதால் நான் இரண்டு மூன்று மடங்கு போடுவேன். இரவெல்லாம் விட்டு, மறுநாள் நெடி போகும்வரை வெளியே இறைத்து, பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே தொட்டிக்கு ஏற்றலாம். மீன் வளர்க்கிற குளத்துப் பக்கம் அந்தத் தண்ணீரைத் திருப்பிவிடாதீர்கள்.

மூணாம் நம்பர் மீட்டருக்கு 80 லிட்டருக்குத் திரும்பியது. பழைய 100 வரவில்லை, வரும் என்று நான் சொல்லவும் இல்லை. 10 எச்பி மோட்டாரையே மறுபடி இறக்கினோம்.

எல்லாப் போரையும் பிழைக்க வைக்க முடியாது. கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒன்றைக் கைவிடச் சொன்னேன். மேலடுக்கு உப்பு, கீழே நல்ல தண்ணீர். கேசிங், அதாவது போரின் வெளிக்குழாய், துருப்பிடித்து ஓட்டையானதால் மேலே இருந்த உப்பு குழாய் வழியே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட போரை மேலே ஒரு கல்லை வைத்து மூடிவிட்டுப் போனால், அது பாட்டுக்கு நல்ல அடுக்கைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். அடியிலிருந்து மேல்வரை சிமெண்ட் கலவை இறக்கி அடைக்க வேண்டும். அதற்கு நிதி கேட்டால் "உபயோகம் இல்லாத போருக்கா செலவு?" என்பார்கள். சாக்கு திணித்த வாய்க்கும் இதே பதில்தான். 2015 நவம்பரிலும் 2024 டிசம்பரிலும் வெள்ளம் ஏறிய தெருக்களில் அந்தச் சாக்கு எதைத் தடுத்திருக்கும்? கேசிங் தரைக்கு மேல் இரண்டடியாவது நிற்கட்டும், போல்ட் போட்ட மூடி இருக்கட்டும். புது மோட்டார் விலையில் இது தூசு.

இவ்வளவையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மாதம் ஒருமுறை நின்ற மட்டம், ஓடும் மட்டம், தண்ணீர் அளவு, மோட்டார் இழுக்கிற ஆம்பியர். மீட்டருக்கு இத்தனை லிட்டர் என்ற எண் கால் பங்கு குறைந்ததும் கூப்பிட்டால் பிரஷ்ஷோடும் கம்ப்ரஸரோடும் வேலை முடியும். பாதிக்கு மேல் குறைந்த பிறகு வந்தால் பொருக்கு இறுகியிருக்கும், செலவு கூடும், பலன் குறையும்.

மூணாம் நம்பர் ஆபரேட்டர் அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "நான் எழுதிக்கிட்டுதான் சார் இருந்தேன்" என்று மோட்டார் ரூம் சுவரைக் காட்டினார். நாலு வருட ஆம்பியர் கணக்கை சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்திருந்தாராம். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் அதன்மேல் இரண்டு கோட்டிங் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது பேனல் போர்டு கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதுகிறார். அங்கே யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள் என்கிறார்.