முற்றத்துக்குக் கல்லா, மண்ணா?

நாகர்கோவில் பக்கம் வீட்டு பிளான் போடுவது என் தொழில். அறைகளைப் பற்றிப் பெரிதாகத் தகராறு வராது. முற்றத்தில்தான் வரும். "சார், ஒரு பொட்டு மண் தெரியக்கூடாது, முழுக்க இன்டர்லாக் கல் போட்டுருங்க" என்பார்கள்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது. மழைத்தண்ணீர் முற்றத்து மண்ணில் இறங்காமல் ரோட்டுக்கு ஓடிவிட்டால் கிணற்றுக்கு என்ன மிஞ்சும் என்று விளக்குவேன். தலையாட்டிவிட்டுக் கல்லையே கேட்பார்கள். விவரம் புரிந்துதான் இருக்கும். சேறு மிதிக்காத வீடு, சொந்தக்காரர் மெச்சும் வீடு என்பது அதைவிடப் பெரிதாக இருக்கும். தன் நலன், பிறர் நலன், மற்ற உயிர்களின் நலன் ஆகியவற்றில் ஒருவர் எதற்கு முதலிடம் தருகிறாரோ, அதற்கேற்பவே சுற்றுச்சூழல் பற்றிய அவர் நிலைப்பாடும் அமையும் என்று பால் ஸ்டெர்ன், தாமஸ் டீட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1994இல் எழுதினார்கள். என் மேசையில் தினமும் பார்ப்பது அதைத்தான்.

2003இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். ஆனால் அனுமதிக்காகக் குழி தோண்டி, அப்புறம் அதன் மேலேயே கல் பதித்த வீடுகளும் உண்டு.

தக்கலை பக்கம் ஒரு வீட்டில் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அயனி மரத்தை வெட்ட மகன் முடிவு செய்திருந்தார். நிழல், வேர், மண் என்று நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. அம்மா வாசலுக்கு வந்தார். "மக்களே, இது உங்க அப்பா நட்டது. காரை அந்தால நிறுத்து." அவ்வளவுதான், போர்டிகோ மறுபக்கம் போனது.

அதன்பிறகு, இந்த மனையில் எதைத் தொடக்கூடாது என்றுதான் முதலில் கேட்கிறேன். கிணறு என்பார்கள், பலா என்பார்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கினால் கார் சக்கரம் போகும் தடத்துக்கு மட்டும் கல் போதும் என்பதற்குச் சம்மதிக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இது உதவாது. பிள்ளைக்கு வீடு வேண்டும் என்ற அதே பாசம்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயலில் மண்ணடிக்கவும் வைக்கிறது. நடு வயலை நிரப்பினால் வாய்க்கால் அடைபட்டுக் கீழ்வயல்காரருக்குத் தண்ணீர் போகாது. அதை ஒரு குடும்பத்தின் விருப்பத்துக்கு விடக்கூடாது, ஊரும் சட்டமும் தடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஏற்கெனவே கல் பதித்தவர்கள், அடியில் கான்கிரீட் இல்லையென்றால், மதில் ஓரமாக இரண்டு வரிசையை எடுத்துவிட்டுச் செடி வைக்கலாம். பெரிய செலவில்லை.