அணை கட்டாமல் ஆற்றைப் பிரித்த வித்தை

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், மின் (Min) என்ற ஆறு மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடம் துஜியாங்யான். கோடை மழையில் ஆறு ஊரை அழிக்கும். மற்ற மாதங்களில் செங்து சமவெளி தண்ணீருக்கு ஏங்கும். கி.மு. 256 வாக்கில் சின் அரசின் ஆளுநர் லீ பிங் தொடங்கிய வேலை இரண்டுக்கும் ஒரே தீர்வு தந்தது. ஆற்றை அவர் மறிக்கவே இல்லை.

மூங்கில் கூடைகளில் கல் நிரப்பி, ஆற்றின் நடுவே மீன் வாய் போலக் கூரான ஒரு திட்டு எழுப்பினார்கள். அது ஆற்றை இரண்டு கிளைகளாகப் பிரித்தது. இடக்கிளை குறுகலானது, ஆழமானது; பாசனத்துக்குப் போவது அதுதான். வலக்கிளை அகலமான பழைய ஆறு. தண்ணீர் குறைந்தால் ஓட்டம் ஆழத்தைத் தேடி இடப்பக்கம் போகும். வெள்ளம் வந்தால் அகலமான வலப்பக்கம் பாயும். கிட்டத்தட்ட 60 சதவீதம், 40 சதவீதம் என்ற பங்கு, பருவத்துக்கேற்பத் தானாகவே இடம் மாறிக்கொள்கிறது.

சரி, மணலும் கூழாங்கல்லும் கால்வாயை அடைக்காதா? கெட்டிக்காரத்தனம் இங்கேதான். தேநீரைக் கரண்டியால் சுழற்றினால் தூள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் குவியும் அல்லவா? ஆற்று வளைவிலும் இதேதான்: மேல்நீர் வளைவின் வெளிக்கரைக்குப் போக, வண்டல் சுமந்த அடிநீர் உட்கரைக்கு நகர்கிறது. 1926-இல் ஐன்ஸ்டைன் விளக்கிய விஷயம் இது. இடக்கிளை வெளிக்கரையில் பிரிவதால் அதற்குத் தெளிந்த நீர், பழைய ஆற்றுக்குப் பெரும்பகுதி வண்டல்.

தப்பி இடக்கிளைக்குள் வரும் வண்டலுக்கும் வழி உண்டு. இடக்கிளை, மலையைக் குடைந்த சுமார் 20 மீட்டர் அகல வாய் வழியாகத்தான் சமவெளிக்குப் போக முடியும். வெடிமருந்து இல்லாத காலம். பாறையைத் தீயில் சூடாக்கி, குளிர்நீர் ஊற்றிப் பிளந்தார்களாம். வெள்ளத்தில் அந்தக் குறுகிய வாய்க்கு முன் நீர் தேங்கி உயரும். பக்கத்திலிருக்கும் தாழ்வான கலிங்கை, அதாவது மிகைநீர் வழிந்தோடும் தடுப்பைத் தாண்டி, கல்லையும் மணலையும் இழுத்துக்கொண்டு பழைய ஆற்றில் விழும்.

மீதி வண்டலைக் குளிர்காலத்தில் தூர் வாருவார்கள். எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று காட்ட ஆற்றடியில் இரும்புத் தண்டுகள் புதைத்திருக்கிறார்கள். இப்போது கான்கிரீட்டும் மதகுகளும் சேர்ந்துவிட்டாலும் பழைய விதி அங்கே கல்லில் இருக்கிறது: ஆழமாகத் தூர் வாரு, கலிங்கைத் தாழ்வாகக் கட்டு. கலிங்கை உயர்த்தினால் வறட்சியில் கொஞ்சம் கூடுதல் நீர் கிடைக்கும்தான். அப்புறம் கூழாங்கல் வெளியேற வழியிருக்காது.