‘வதைத் தண்டனை’ என்று ஒரு தண்டனை கிடையாது

செங்கோட்டையிலிருந்து மலை ஏறி ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் கேரளம். எங்கள் பெரியம்மா முப்பது வருஷம் புனலூர் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோனவள், அதனால் வீட்டில் மலையாளம் ஓடாத நாள் குறைவு. போன வாரம் அவளோடு உட்கார்ந்து ஒரு கொலை வழக்கைப் பற்றிய மலையாள ஆவணப்படம் பார்த்தேன். கீழே தமிழ் எழுத்து ஓடியது. தீர்ப்புக் கட்டத்தில் வந்த வரி இது: “பிரதிக்கு வதைத் தண்டனை.”

பெரியம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தாள். “ஏல, வதைன்னா அடிச்சே கொல்லுவானுவளா? அப்பறம் தூக்குமேடை எதுக்கு?”

எனக்கு இது மூன்றாவது தடவை. முதலில் ஒரு செய்தித் துணுக்கில் பார்த்தேன், அப்புறம் வேறொரு குற்றத் தொடரில். இரண்டையும் எழுத்துப்பிழை என்று விட்டுவிட்டேன். இனி விடுவதாக இல்லை.

மலையாளத்தில் மரண தண்டனைக்கு ‘வதசிக்ஷ’ என்று பெயர். வதம் என்றால் கொல்லுதல், சிக்ஷ என்றால் தண்டனை, இரண்டும் வடமொழி. (இதே சிக்ஷ இந்தியில் கல்வி. தமிழ் பைபிளில் சிட்சை என்றால் கண்டித்துத் திருத்துவது. ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு வேலை பார்க்கிறது.) ஆங்கிலத்தில் கேபிடல் பனிஷ்மென்ட் என்கிறார்களே, அந்த கேபிடல், தலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எந்திரத்திடம் கொடுத்தால் ‘மூலதன தண்டனை’ என்றுகூட வரும். அதையாவது சிரித்துவிட்டுப் போகலாம்.

‘வதைத் தண்டனை’யைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் சரியான சொல் மாதிரியே நிற்கிறது. இதை ஆதரிப்பவர்கள் கம்பனைக் கூப்பிடுவார்கள். வாலி வதைப் படலம், கும்பகருணன் வதைப் படலம் என்றெல்லாம் இருக்கிறதே, அங்கே வதை என்றால் கொலைதானே? ஆமாம், கொலைதான். பசுவதைத் தடை என்கிறோமே? அதுவும் கொலைதான், ஒப்புக்கொள்கிறேன். அகராதியும் அவர்கள் பக்கம்தான். ஆனால் கம்பனுக்கு நாற்றம் நறுமணமாகவும் இருந்தது. இன்றைக்கு ஒரு சோப்பு டப்பாவில் ‘சந்தன நாற்றம்’ என்று அச்சடித்து விற்றுப் பார்க்கட்டும்.

இன்று வதை என்றால் தமிழன் காதில் என்ன விழுகிறது? சித்திரவதை. வதைமுகாம். “சாப்பிடு சாப்பிடுன்னு புள்ளைய வதைக்காத.” வதைபடுகிறவன் உயிரோடு இருக்கிறான், அதுதான் அந்தச் சொல்லின் கொடுமையே. கொல்லும் அர்த்தம் வேண்டுமென்றால் நமக்கு ‘வதம்’ தனியாக இருக்கிறது, இரணிய வதம் என்பதுபோல. மொழிபெயர்த்தவர் ‘வதம்’ என்றே விட்டிருந்தால்கூடப் புராண வாசனை அடித்திருக்குமே தவிர, பொருள் கெட்டிருக்காது. ஒரு ஐகாரத்தைச் சேர்த்து, தூக்குக் கைதியைச் சித்திரவதைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது ஒன்றும் புதிதில்லை. திருக்குறளில் செங்கோன்மை அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர், ஒறுப்பு, அதாவது தண்டனை, மூன்று என்று கணக்குச் சொல்கிறார்: துன்பம் செய்தல், பொருள் கோடல் (பறித்துக்கொள்வது), கோறல் (கொல்வது). வதைப்பது முதல் இனம், கொல்வது மூன்றாம் இனம். ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்’ என்ற குறளுக்கும், கொடியவரைக் கொலையால் ஒறுப்பது என்றுதான் அவர் உரை போகிறது. நம் மொழிபெயர்ப்பாளர் முதலையும் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்.

சரி, எதைச் சொல்வது? மரண தண்டனை. அதுவும் வடமொழிதானே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள், ‘சாவு ஒறுப்பு’ என்பார்கள். அழகான சொல்தான், ஆனால் தென்காசி கோர்ட்டு வாசலில் நின்று சொன்னால் யாருக்கும் புரியாது. ‘சாவுத் தண்டனை’ என்றால் புரியும், எனக்கு மறுப்பில்லை. ‘கொலைத் தண்டனை’ வேண்டாம், கொலை செய்ததற்கான தண்டனை என்று கேட்டுவிடும்.

‘தூக்குத் தண்டனை’ வழிமுறையின் பெயர், தண்டனை வகையின் பெயர் அல்ல. நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகத் தெரிவது உண்மை. ஆனால் 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் சுட்டுக் கொல்லவும் இடம் தருகிறது. அமெரிக்காவில் விஷ ஊசி. ‘விஷ ஊசி போட்டுத் தூக்குத் தண்டனையை நிறைவேற்றினார்கள்’ என்று ஒரு தமிழ்க் குரல் சொல்லி இந்தக் காதால் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் இதைப் பேசுவதில் ஒரு வேடிக்கை உண்டு. செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அந்த சமஸ்தானம் 1944இலேயே மரண தண்டனையை ஒழித்தது. பிறகு இந்தியச் சட்டத்தோடு அது திரும்பி வந்தது. கேரளத்தில் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1991இல், கண்ணூர் மத்தியச் சிறையில். அந்தத் தீர்ப்பை மலையாளப் பத்திரிகை ‘தூக்குகயர்’ என்று தலைப்பிட்டாலும் எங்கள் ஆட்களுக்குப் புரியும், கயிறு எங்கும் கயிறுதான்.

சிக்கல் இப்படி ஒத்துப்போகும் சொற்களில் இல்லை, ஒத்துப்போவது மாதிரி நடிக்கிற சொற்களில். ‘பிரதி’ அங்கே குற்றம் சாட்டப்பட்டவன், இங்கே ஜெராக்ஸ் கடையில் எடுப்பது. ‘விதி’ அங்கே தீர்ப்பு, இங்கே தலையெழுத்து. ‘அபூர்வங்களில் அபூர்வம்’ என்று அப்படியே இறக்கினால் நமக்குக் குற்றாலத்து மூலிகை நினைவு வருகிறது. மரண தண்டனையை எப்போது விதிக்கலாம் என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோலுக்குத் தமிழில் ‘அரிதினும் அரிதான’ என்ற நல்ல தொடர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதை எட்டி எடுக்கக்கூடச் சோம்பல். எழுத்தை மட்டும் மாற்றிப்போட்டுவிட்டு மொழிபெயர்ப்புக்கான கூலி வாங்குகிறார்கள்.

கடைசிப் பாகத்தில் கூட்டாளி ஒருவனை நீதிமன்றம் ‘வெறுதெ விட்டு’. அதாவது விடுதலை செய்தது. கீழே தமிழில்: “அவனைச் சும்மா விட்டார்கள்.”

“சும்மாவா விட்டானுவ? கேஸு நடத்தித்தானல விட்டானுவ” என்ற பெரியம்மா, ரிமோட்டை என்னிடம் நீட்டி, அந்தத் தமிழை மட்டும் அணைக்கச் சொன்னாள்.