பாய் பேண்ட்: இளைஞர் பாடற்குழு

இளம் ஆண்கள், பெரும்பாலும் நால்வரோ ஐவரோ, ஒன்றுசேர்ந்து, குரல்களை இணைத்துப் பாடியும் ஒரே அசைவில் ஆடியும் நிகழ்ச்சி நடத்தும் பாப் இசைக் குழுவை ஆங்கிலத்தில் ‘பாய் பேண்ட்’ என்பர். பாடல் எழுதுவோரும் கருவி இசைப்போரும் பெரும்பாலும் வேறு ஆட்களாக இருப்பர். மேடையில் நிற்பவர்களுக்குக் குரலும் ஆட்டமுமே தொழில். இதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் எது என்று பார்ப்போம்.

‘பேண்ட்’ என்பது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஆட்களின் திரள் என்பதே அதன் பழைய பொருள். படைப்பிரிவுகளோடு சென்ற வாத்தியக்காரர்களைக் குறிக்கத் தொடங்கிய பின்னரே அது இசைக்குழுவுக்குப் பெயராயிற்று. ‘பாய்’ என்ற சொல்லோ தொடக்கத்தில் ஏவலாளைக் குறித்து, பிறகு சிறுவன் என்ற பொருளுக்கு வந்தது. இவ்விரண்டும் சேர்ந்த தொடர், பாஸ்டன் நகரின் நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக் குழு புகழ்பெற்ற 1980களின் இறுதிக்குப் பின்னரே பெருவழக்காயிற்று. ஆனால் ஜாக்சன் ஃபைவ், போர்ட்டோ ரிக்கோவில் 1977இல் தோன்றிய மெனுடோ ஆகிய குழுக்கள் பெயருக்கு முன்பே இவ்வகை இருந்தது என்பதைக் காட்டுகின்றன.

இத்தொடர் உலகெங்கும் பரவியதில் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் குழுவுக்குப் பெரும் பங்குண்டு. ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில் 1993இல் லூ பேர்ல்மன் என்னும் தொழிலதிபர் திரட்டிய இந்த ஐவரில் இளையவரான நிக் கார்ட்டருக்கு அப்போது 13 வயது. மூத்தவரான கெவின் ரிச்சர்ட்சனுக்கு 21. சொந்த நாடு இவர்களை உடனே ஏற்கவில்லை. ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில் வென்ற பிறகே அமெரிக்கா திரும்பிப் பார்த்தது. 1999இல் வந்த ‘மில்லேனியம்’ இசைத்தொகுப்பு அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 11 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் ஷெய்ரான் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடல் படைப்பாளர் மேக்ஸ் மார்ட்டினும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய மெட்டுகள் இதற்குப் பெரிதும் துணைநின்றன என்றாலும், ஐந்து குரல்களும் தனித்தனியே அடையாளம் தெரியும்படி பாடி, பல்லவியில் ஒன்றாகக் கலக்கும் அந்த அழகுதான் இக்குழுவை நிலைநிறுத்தியது என்பது என் துணிபு. 2006இல் விலகிய கெவின் 2012இல் திரும்பினார். 2019இல் வெளிவந்த ‘டிஎன்ஏ’ தொகுப்பு பில்போர்டு என்னும் அமெரிக்க இசைத்தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பெற்றபோது, பெயரிலுள்ள ‘பாய்ஸ்’ நாற்பதைத் தொடும் அல்லது கடந்த வயதினராக இருந்தனர்.

ஆகவே தமிழில் சொல் ஆக்கும்போது வயதையும் தொழிலையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ‘பாய் பேண்ட்’ என்று அப்படியே எழுதினால், விரிக்கும் பாயும் உடுக்கும் பேண்டும் குறுக்கிட்டுப் பொருளைக் குழப்பும். ‘சிறுவர் இசைக்குழு’ என்பது பள்ளிப் பிள்ளைகளை நினைவூட்டுகிறது. சங்க இலக்கியத்தில் பாலை நிலத் தலைவனைக் குறித்த ‘விடலை’, ‘காளை’ என்னும் பழஞ்சொற்கள் அழகியவை. ஆயினும் ‘விடலை’ இன்று பக்குவமின்மையைச் சுட்டும் சாயலைப் பெற்றுவிட்டதால் நடுநிலைக் கலைச்சொல்லாகாது. ‘இளைஞர்’ என்பதோ பதின்பருவம் முதல் முப்பதுகள் வரை தடையின்றிச் செல்லும். ‘இளைஞி’ எனத் தனிச்சொல் வழக்கிலிருப்பதால், ஆண்களைச் சுட்டவும் பெரும்பாலும் போதும்.

‘இசைக்குழு’ என்றால் கருவி இசைப்போரே முதலில் நினைவுக்கு வருவர். இங்கே பாடுவதே மையமாதலால் ‘பாடற்குழு’ என்பதே செம்மை. இரண்டையும் இணைத்த ‘இளைஞர் பாடற்குழு’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ‘கேர்ள் குரூப்’ என்பதற்கு ‘மகளிர் பாடற்குழு’ இணையாக நிற்கும். தென்கொரியாவின் பிடிஎஸ் குழுவுக்கும் இது பொருந்தும். அவர்கள் பாடலிடையே ராப் சொல்வதும் பாட்டின் ஒரு வகையே. குழுக்களின் இயற்பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்து, ‘பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் என்னும் இளைஞர் பாடற்குழு’ என எழுதலாம்.