ஒரே துண்டு, ஐந்து வேலை: சமையலறைச் சண்டை எங்கே தொடங்குகிறது

"கை துடைக்கிற துண்டால தட்டைத் துடைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நேத்துதானே மாத்தினோம், அதுக்குள்ள என்ன அழுக்கு?"

உணவுச் சுகாதாரம் பற்றிக் குடும்பங்களோடு பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு வாக்கியங்களும் மனப்பாடம். குடிநீரைக் கொதிக்கவைப்பதிலோ, மிச்ச உணவை ஃபிரிட்ஜில் வைப்பதிலோ பெரிதாகத் தகராறு வருவதில்லை. துண்டு விஷயத்தில் வந்துவிடுகிறது. இவருக்கு அவர் சுத்தம் தெரியாதவர். அவருக்கு இவர் தொட்டதற்கெல்லாம் குறை சொல்கிறவர். பேசுவது ஒரே துண்டைப் பற்றித்தான், ஆனால் ஆளுக்கொரு அளவுகோல். ஒருவர் கறையைப் பார்க்கிறார். ஒருவர் மோந்து பார்க்கிறார். இன்னொருவர் மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணுகிறார்.

மூன்றுமே அரைகுறை அளவுகோல்கள். கொதிநீரில் போட்டெடுத்து, வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த துண்டில் பழைய கறை அப்படியே இருக்கலாம். அதனால் பாத்திரத்துக்குக் கெடுதல் இல்லை. பார்வைக்குப் பளிச்சென்று இருந்து, காலையிலிருந்து ஈரமாகவே கிடக்கும் துண்டுதான் கவலைப்பட வேண்டியது. நாள் கணக்கும் உதவாது: இரண்டு பேர் உள்ள வீட்டில் இரண்டு நாள் தாங்கும் துண்டு, ஆறு பேர் உள்ள வீட்டில் மதியத்துக்குள் நனைந்துவிடும். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். இந்தத் துணி எதையெல்லாம் தொட்டது? எவ்வளவு நேரம் ஈரமாக இருந்தது?

ஈரத் துண்டில் நடப்பது

சூடு, ஈரம், உணவு மூன்றும் ஒத்துவந்தால் பல பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் ஒன்று, 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். துணியில் எப்போதும் இந்த வேகம் இருக்காது. என்றாலும் துண்டில் ஈரம் இருக்கிறது, கையிலிருந்தும் மேடையிலிருந்தும் வந்த உணவுத் துணுக்கும் எண்ணெயும் இருக்கின்றன, அடுப்படியின் வெதுவெதுப்பும் இருக்கிறது. இவற்றில் நம்மால் எளிதில் எடுத்துவிடக்கூடியது ஈரம் ஒன்றுதான்.

மொரீஷியஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு மாதம் பயன்பாட்டில் இருந்த 100 சமையலறைத் துண்டுகளைச் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 49 துண்டுகளில் பாக்டீரியா வளர்ந்தது. பல வேலைகளுக்குப் பயன்பட்ட துண்டுகளிலும் ஈரமாக இருந்த துண்டுகளிலும், குடலில் வாழும் பாக்டீரியாவான ஈ.கோலை கூடுதலாகக் கிடைத்தது. வீட்டில் ஆட்கள் கூடக்கூடக் கிருமிகளின் எண்ணிக்கையும் கூடியது. இதற்கு முன்பே, 2014-இல், அரிசோனா பல்கலைக்கழகத்தினர் அமெரிக்க, கனடிய வீடுகளிலிருந்து எடுத்த 82 துண்டுகளில் 89 சதவீதத்தில் கோலிஃபார்ம் வகைக் கிருமிகளை (ஈ.கோலையும் சேர்ந்த பாக்டீரியாக் கூட்டம்) கண்டார்கள். ஏறத்தாழ நாலில் ஒன்றில் ஈ.கோலை இருந்தது. எத்தனை நாளுக்கு ஒரு முறை துவைக்கிறார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பு இருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துபோக வேண்டாம். கோலிஃபார்ம் கிடைத்தால் நோய் வந்தே தீரும் என்று பொருள் இல்லை. எங்கிருந்தோ அசுத்தம் துணிக்கு வந்திருக்கிறது, வந்தது அங்கேயே பிழைத்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அந்த வழியாக, உணவு மூலம் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லாவும் வரலாம் என்பதுதான் விஷயம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், கீமோதெரபி போன்ற சிகிச்சையில் இருப்பவர் உள்ள வீட்டில் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

இன்னொரு கிருமியையும் சொல்லிவிட வேண்டும். பத்தில் மூன்று பேரின் மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட கை, கையிலிருந்து துண்டு, துண்டிலிருந்து பாத்திரம், பாத்திரத்திலிருந்து உணவு என்று அது பயணப்படும். உணவு அறைச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அதில் நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடுபடுத்தினால் கிருமி சாகும், நச்சு போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கவைக்கிற வகை இது.

எந்த வேலைக்கு எந்தத் துணி

"எல்லாத்துக்கும் தனித்தனித் துணியா, இது என்ன ஆஸ்பத்திரியா?" என்று ஒருவர் கேட்பார். இந்த வழக்கில் தனித்தனி வேண்டும் என்பவர் பக்கமே நியாயம். ஆனால் பத்து வகை தேவையில்லை. கழுவிய கைக்கு ஒன்று. கழுவிய பாத்திரத்துக்கு ஒன்று. மேடை துடைக்க ஒன்று. சூடான பாத்திரத்தைப் பிடிக்க ஒரு கரித்துணி. பச்சை இறைச்சி, மீன், முட்டை சிந்தினால் பேப்பர் டவல்; துடைத்ததும் குப்பையில் போட்டுவிட வேண்டியதுதான். பேப்பர் டவல் வீண்செலவு என்று நினைக்கும் வீட்டில் அதை இந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு ரோல் வெகு நாள் வரும். அதுவும் வேண்டாமென்றால் பழைய பருத்தித் துணியைக் கைக்குட்டை அளவில் வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். ஒரு முறை துடைத்ததும் நேராகத் துவைக்கப் போக வேண்டும், சிங்க் ஓரத்துக்கு வரக்கூடாது.

கரித்துணியைத் தனியாக வைக்கச் சொல்வதற்குக் கிருமி மட்டும் காரணமில்லை. காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். கை துடைத்து நனைந்த துணியால் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தால் சூடு உடனே உள்ளே பாயும், துணியிலுள்ள நீர் ஆவியாகி விரலைச் சுடும், பாத்திரம் கையிலிருந்து நழுவும். துணியின் தொங்கும் முனை அடுப்புச் சுடரில் பற்றுவதும் நடக்கிறது. கரித்துணி காய்ந்ததாக, தடிமனாக, முனை தொங்காத அளவில் சிறியதாக இருக்க வேண்டும்.

கைத்துண்டு சண்டைக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் துண்டே இல்லை, கை கழுவும் விதம். குழாயில் இரண்டு விநாடி நனைத்துவிட்டுத் துண்டில் அழுத்தித் தேய்த்தால் அழுக்கைக் கழுவியது தண்ணீர் அல்ல, துண்டுதான். சோப்புப் போட்டு விரலிடுக்கு, கட்டைவிரல், நக ஓரம் உட்பட 20 விநாடி தேய்த்துக் கழுவிய கை துண்டை அவ்வளவாக அழுக்காக்காது. கழுவிய கையைத் துடைக்காமல் விடுவதும் சரியில்லை. உலர்ந்த கையைவிட ஈரக் கையிலிருந்து கிருமி எளிதாக இடம் மாறும். உடுத்தியிருக்கும் துணியில் துடைக்கும் பழக்கத்துக்கும் இதே பதில்: ஆள் எங்கெல்லாம் உட்கார்ந்து எழுந்தாரோ அதெல்லாம் அந்தத் துணியில் இருக்கும்.

பாத்திரங்களைப் பொறுத்தவரை துடைக்காமலே விடுவதுதான் நல்லது. கழுவியதைப் பாத்திர ஸ்டாண்டில் அடுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாமல், நீர் வடியும்படி சாய்த்து வைத்தால் தானே காயும். அவசரத்துக்குத் தேவைப்படும் நாலைந்தை மட்டும் துடைத்தால் பாத்திரத் துண்டும் நனையாமல் இருக்கும்.

தொங்கவிடுவதில்தான் பாதி இருக்கிறது

துண்டை நாலாக மடித்துக் கம்பியில் போட்டிருப்பதைப் பாருங்கள். வெளிப்பக்கம் காய்ந்திருக்கும். மடிப்புக்குள் இரண்டு விரலை விட்டால் சில்லென்று இருக்கும், விரலை எடுத்தால் லேசான வழவழப்பு தெரியும். குழாய்க் கழுத்தில் சுற்றிப் போட்ட மேடைத் துணியின் நிலை இதைவிட மோசம். மேலே காய்ந்து விறைத்து, அடியில் சொட்டச் சொட்ட இருக்கும். சாயங்காலம் அதே துணியால் மேடையைத் துடைக்கும்போது, மேடை சுத்தமாவதாகத் தோன்றினாலும் நடப்பது மெழுகுதல்தான்.

துண்டு ஒற்றை மடிப்பாக, விரிந்து, சுவரை ஒட்டாமல், இரண்டு பக்கமும் காற்று படும்படி தொங்க வேண்டும். கொக்கியில் நடுவில் குத்தித் தொங்கவிட்டால் கொக்கியடியில் சுருக்கம் விழுந்து அங்கே மட்டும் காயாது, கம்பியே சிறந்தது. சிங்க் கதவின் உள்பக்கம் மாட்டுவது பார்வைக்கு நேர்த்தி, துணிக்குக் கேடு. தடித்த பஞ்சுத் துண்டைவிட மெல்லிய பருத்தி அல்லது கட்டம்போட்ட குழி நெசவுத் துண்டு விரைவில் காயும். ஒரு சமையலுக்கும் அடுத்ததற்கும் இடையில் காயாத துண்டை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும், அழுக்கு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். கைத்துண்டும் பாத்திரத் துண்டும் தினம் ஒரு முறை மாறினால் போதும்; மேடைத் துணியைத் தினமும் மாற்றியே ஆக வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று: மாற்றிய ஈரத் துண்டை அப்படியே அழுக்குக் கூடைக்குள் அமுக்கிவிடுகிறார்கள். மூன்று நாள் கழித்துத் துவைத்தாலும் நாற்றம் போகவில்லை என்று பிறகு சோப்பைக் குறை சொல்கிறார்கள். முதலில் காய வைத்து, பிறகு கூடையில் போடுங்கள்.

அந்த ஈர வாடைக்குக் காரணமான கிருமிகளில் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் முக்கியமானது. துவைத்த துணியிலும் இது பிழைத்திருந்து, மறுபடி நனைந்ததும் பெருகும். துவைத்த துண்டு கை பட்டதுமே நாறுவது இதனால்தான். வாசனைத் திரவம் ஊற்றினால் வாடை மறையும், கிருமி இருக்கும். துணி மென்மையாவதற்கான திரவம் இன்னும் கெடுதல்: நூலிழைமேல் படலம் படிந்து துண்டு நீரை உறிஞ்சாது.

துவைக்கும் முறை சிக்கலானதல்ல. சமையலறைத் துணிகளை உள்ளாடை, கால் மிதியடியோடு சேர்க்காதீர்கள். இயந்திரம் என்றால் 60 டிகிரி, முழு நேரச் சுற்று. தொட்டியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். கையால் என்றால் சோப்பில் துவைத்து அலசியபின் கொதிக்கும் நீரில் 10 நிமிடம். கொதிக்கவைக்க வசதியில்லையா? லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் என்று போட்ட, வாசனை சேர்க்காத பிளீச்சில் 4 மி.லி. எடுத்து 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, அலசிய பருத்தித் துணியை 10 நிமிடம் ஊறவைத்து மறுபடி அலசுங்கள். அழுக்கோடு ஊறவைத்தால் பிளீச்சின் பலம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும், அதனால் துவைத்த பிறகே ஊறல். கலவை அன்றன்றைக்கு மட்டும். வினிகரோடு சேர்த்தால் குளோரின் வாயு வரும், அமோனியா உள்ள திரவத்தோடு சேர்த்தாலும் நச்சு வாயுதான், எதனோடும் சேர்க்காதீர்கள். மைக்ரோஃபைபர் எனும் மெல்லிய செயற்கை இழைத் துணிக்குக் கொதிநீரும் பிளீச்சும் ஆகாது.

யார் துவைப்பது?

துண்டைப் பயன்படுத்துகிறவர் ஒருவர், துவைக்கிறவர் இன்னொருவர் என்று இருக்கும் வீட்டில்தான் இந்தச் சண்டை நீளுகிறது. தினம் மாற்றச் சொல்வது ஒருவருக்குச் சுலபம், அந்தச் சுமை மற்றவர் தோளில். எண்ணிக்கையை முதலில் சரிசெய்யுங்கள். கைக்கும் பாத்திரத்துக்குமாக நாளுக்கு 2 துண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை துவைப்பு என்றால் கூடையில் 6, பயன்பாட்டில் 2, கையிருப்பு 2, ஆக 10 வேண்டும். நாலே துண்டை வைத்துக்கொண்டு தினம் மாற்று என்றால் அது நடக்காத விதி. நடக்காத விதிக்குக் குற்றவாளி தேடுவதில் பயனில்லை.

அடுத்தது இடம். ஈரக் கையோடு நிற்பவர் யோசிக்கமாட்டார், பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத்தான் எடுப்பார். கைத்துண்டு சிங்குக்கு ஒரு கை தூரத்தில், பாத்திரத் துண்டு தட்டு அலமாரியருகே, கரித்துணி அடுப்பின் பக்கவாட்டில், மேடைத் துணி எல்லாவற்றிலிருந்தும் தள்ளி. நிறம் வேறு வேறாக இருந்தால் வந்த விருந்தாளிக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் ஒரு கைத்துண்டு இல்லையென்றால் அவர்கள் எட்டுகிற பாத்திரத் துண்டில் துடைப்பார்கள். பெரியவர்களிடம் "உங்களுக்குத் தெரியாது" என்று தொடங்கினால் பேச்சு வேறெங்கோ போய்விடும். "இந்தத் துண்டு இன்னும் காயலை, வேற எடுத்துக்கலாமா?" என்றால் பேச்சு துண்டோடு நிற்கும்.

எதிர்ப்பக்கத்து மிகையும் உண்டு. ஒருவர் தொட்ட துண்டை உடனே துவைக்கப் போடுவது, தோல் வெடிக்கும்வரை கை கழுவுவது, இதிலேயே தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போவது, மற்றவர்களையும் அதே சடங்கைச் செய்யவைப்பது. இது சுத்தத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு இல்லை, எண்ணச் சுழற்சி நோயாக (ஓசிடி) இருக்கலாம். வாதம் செய்து இதை மாற்ற முடியாது. சிகிச்சை உண்டு, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு வாந்தி, பேதி என்றால் மேலே சொன்ன ஏற்பாட்டையெல்லாம் அந்த நாட்களுக்கு ஒதுக்கி வையுங்கள். பொதுக் கைத்துண்டே வேண்டாம்: ஆளுக்கொரு துண்டு அல்லது பேப்பர் டவல். சானிடைசரை நம்பாமல் சோப்பும் தண்ணீரும். வாந்தி, பேதியைப் பரப்பும் நோரோவைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. நோயாளியின் துண்டை உதறாமல் எடுத்து, தனியாகச் சூடான நீரில் துவையுங்கள். தொந்தரவு நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அவர் மற்றவர்களுக்குச் சமைக்கவோ, பாத்திரம் துடைக்கவோ வேண்டாம்.